மணி அடித்தால் மாடிக்கு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் ஒரு மிஷின் சொன்னால்தான் தெரிகிறது என்பது சக்கரவர்த்தியின் தீராத புகார். சோறு வெந்ததைக் குக்கர் கத்திச் சொல்ல வேண்டும். பின்னால் சுவர் இருப்பதைக் கார் கத்திச் சொல்ல வேண்டும். உட்கார்ந்தது போதும், எழுந்து நட என்று கையில் கட்டிய வாட்ச் சொல்ல வேண்டும். சரி, சொன்னதைக் கேட்கிறார்களா என்றால் அதுவும் கிடையாது. சொல்வதற்கு ஒன்றை வாங்கி மாட்டுவது, அது சொல்ல ஆரம்பித்ததும் அதன் வாயை அடைக்க வழி தேடுவது. இதுதான் நடக்கிறது.

"வீடு பத்தினா மூக்குக்குத் தெரியாதாடா? மூக்க எதுக்கு வெச்சிருக்குது மூஞ்சியில, கண்ணாடி மாட்டறதுக்கா?"

கேட்கப்பட்டவன் வேணு. லாட்ஜின் வரவேற்பு மேஜையில் இருப்பவன். நாற்பது வயதாகியும் அவனைச் சக்கரவர்த்தி 'டா' போட்டுத்தான் கூப்பிட்டார்.

"தூங்கும்போது தெரியாதுங்க பெரியவரே."

"தூங்கும்போது மூக்கு லீவு போட்டுடுதா?"

வேணு சாவிக்கொத்தை எடுத்துத் துடைத்தான். பதில் சொன்னால் பெரியவர் அங்கேயே நாற்காலி போட்டுவிடுவார் என்பது அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

சக்கரவர்த்தியும் மனைவி காசியம்மாளும் மலைக்குப் பின்பக்கம் இருக்கிற அடி அண்ணாமலையிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி, தெற்கே பிரிகிற ஒரு சந்தில் இருந்தது லாட்ஜ். மூன்று மாடி, அதற்கு மேலே மொட்டை மாடி. மகள் மணிமொழி கட்டி நடத்துவது. காசியம்மாள் களத்துமேட்டில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்த பிறகு, ஊர்வீட்டில் கிடந்து அவதிப்பட வேண்டாம் என்று மகள்தான் இருவரையும் அழைத்து வந்துவிட்டாள். மூன்றாவது மாடியில் வடக்குப் பார்த்த அறை. ஜன்னலைத் திறந்தால் மலை.

"பொறந்ததுலேந்து மலையோட முதுகுப் பக்கத்தத்தான் பார்த்தேன். மூஞ்சிய இப்பதான் பார்க்கிறேன்" என்று காசியம்மாள் வந்த அன்றே சொன்னாள். அதற்கப்புறம் அவள் அந்தக் கட்டிலைவிட்டு வேறெங்கும் போக விரும்பவில்லை. விரும்பினாலும் போக முடியாது. இரண்டு பேர் தாங்கினால் நாலு அடி எடுத்து வைப்பாள், அவ்வளவுதான்.

சக்கரவர்த்திக்கு வந்த வினை லிஃப்ட் பக்கத்தில் மாட்டிய ஒரு பலகையால் வந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் எதையும் ஒரு தடவை படித்து நம்பிவிடுகிற ஆள் இல்லை என்பதால் எல்லாவற்றையும் இரண்டு தடவை படிப்பார். 'தீ விபத்து நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. படிக்கட்டு வழியாக இறங்கவும்.' இரண்டாவது தடவை படித்து முடித்ததும் சமையல்கட்டு வாசலுக்கு நடந்தார். காசியை மேலே கொண்டுபோனதே அந்த லிஃப்ட்டில்தான்.

"அப்ப இவள எதுல இறக்கறது?"

மணிமொழி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யார நைனா?"

"உங்கம்மாவ. நெருப்புப் புடிச்சா லிஃப்ட்ல ஏறாதேன்னு எழுதியிருக்க. படியில எறங்குன்னு எழுதியிருக்க. அவ படியில எறங்குவாளா?"

"நெருப்பு எங்க புடிக்கப்போவுது? அதான் எல்லா ரூமுக்கும் அலாரம் வெச்சிருக்குதில்ல. அலாரம் அடிக்கும், ஃபயர் சர்வீஸ் வரும், அம்மாவ எறக்கிடலாம்."

"அலாரம் இங்க அடிக்குது. அங்க ஃபயர் ஸ்டேஷன்ல இருக்கறவனுக்கு எப்பிடிக் கேக்கும்?"

மணிமொழி கரண்டியோடு நின்றாள். அவள் படித்தவள், பேங்குக்காரர்களோடு சரிக்குச் சரி பேசுகிறவள். ஆனால் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. "மாட்டினவங்க ஏதாவது வெச்சிருப்பாங்க நைனா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏதாவது வெச்சிருப்பாங்க என்பது சக்கரவர்த்திக்குப் போதாது. கிணற்றிலிருந்து வாய்க்கால் எந்த மடைக்குப் போகிறது என்று கரையோடு நடந்து பார்க்கிற மாதிரி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒயரோடு நடந்தார். காசியம்மாளின் அறைக் கூரையில் வெள்ளையாக, வடை அளவில், புகையைக் கண்டுபிடிக்கிற கருவி ஒன்று ஒட்டியிருந்தது. அதிலிருந்து கிளம்பிய பிளாஸ்டிக் குழாய் தாழ்வாரத்துக்கு வந்தது, மற்ற அறைகளின் குழாய்களோடு சேர்ந்தது, படிக்கட்டு ஓரமாக இறங்கியது. எதிரே வந்த வடநாட்டுப் பையன் ஒருவன், இவர் எதை அண்ணாந்து பார்க்கிறார் என்று தானும் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். குழாய் கடைசியில் வேணுவின் தலைக்குப் பின்னால் இருந்த சிவப்புப் பெட்டிக்குள் நுழைந்தது. பெட்டியிலிருந்து ஒரே ஒரு ஒயர் வெளியே வந்தது. அது கரண்டு பிளக்கில் போய் முடிந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க. எந்த ரூம்ல பொகையோ அந்த நம்பருக்கு இதுல லைட்டு எரியும். மணி அடிக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் நான் ஃபயர் சர்வீசுக்குப் போன் பண்ணணும்."

"நீ மூத்திரம் பெய்யப் போயிருந்தா?"

வேணு சிரித்துவிட்டான். சக்கரவர்த்தி சிரிக்கவில்லை.

"சரி, நீ இங்கயே இருக்கிற. மணி அடிக்குது. உடனே போன் பண்ணுவியா?"

வேணு கொஞ்சம் தயங்கினான். "முதல்ல மணிய நிறுத்துவேன். பெரியவரே, இது திருவண்ணாமலை. வர்றவங்க எல்லாம் மலையப் பார்த்த மாதிரி நின்னு ரூமுக்குள்ளயே கற்பூரம் ஏத்துறாங்க. வேணாம்னு சொன்னா சாபம் வுடுறாங்க. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இந்தப் பெட்டி தொண்டை கிழியக் கத்தும். அதனால…"

"அதனால?"

வேணு இழுப்பறையைத் திறந்து ஒரு பொட்டலம் எடுத்தான். குளிக்கும்போது தலை நனையாமல் இருக்கப் பெண்கள் போட்டுக்கொள்கிற பிளாஸ்டிக் தொப்பி. லாட்ஜில் அறைக்கு ஒன்று வைப்பது வழக்கம்.

"இத டிடெக்டருக்கு மாட்டிடுவேன். பௌர்ணமி முடிஞ்சதும் எடுத்துடுவேன்."

"போன பௌர்ணமிதான் தீபத்தோட முடிஞ்சுபோச்சே. எடுத்தியா?"

"மலை மேல தீபம் இன்னும் எரியுதே பெரியவரே. பதினோரு நாளும் ஏத்துவாங்க. அது முடியட்டுமேன்னு…"

சக்கரவர்த்தி மறுபடி மாடி ஏறினார். காசியம்மாளின் அறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். வடைக்குத் தொப்பி இல்லை. வீட்டு ஆள் அறை என்று விட்டிருப்பான்போல. பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. அங்கே தொப்பி போட்டிருந்தது, ஓரத்தில் பூப்போட்ட ரப்பர் வேறு.

"இன்னா தேடுறீங்க?" என்றாள் காசியம்மாள்.

"உன்ன எறக்கறதுக்கு வழி தேடுறன்மே. கீழ பின்னாடி ஒரு ரூம் காலியா கீது. அங்க போயிடலாம்."

"அந்த ரூமுல ஜன்னலத் தொறந்தா இன்னா தெரியும்?"

"பக்கத்து வீட்டுச் செவுரு."

"செவுத்தப் பார்த்துக்கினு கெடக்கவா இத்தினி தூரம் வந்தேன்? போங்க. சாயந்தரம் மணி அடிச்சா நான் ஜன்னலத் தொறந்து தீபம் பார்க்கணும்." முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மணி என்று அவள் சொன்னதைக் கோயில் மணி என்று எடுத்துக்கொண்டார் சக்கரவர்த்தி. சாயங்காலங்களில் அவர் லாட்ஜில் இருப்பதே இல்லை. டீக்கடைப் பக்கம் போய்விடுவார்.

மறுநாள் காலையில் ஒரு ஷேர் ஆட்டோ பிடித்து ஃபயர் ஸ்டேஷனுக்குப் போனார். வாசலில் சிவப்பு வண்டி பளபளவென்று நின்றது. சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். காற்று இருந்தது. உள்ளே நிலைய அலுவலர் இளஞ்செழியன் உட்கார்ந்திருந்தார். மீசை நரைக்க ஆரம்பித்திருந்தாலும் ஆள் விறைப்பாக இருந்தார்.

"எங்க நெருப்புங்க பெரியவரே?"

"எங்கயும் இல்ல. நெருப்புப் புடிச்சா நீங்க வர எத்தினி நேரம் ஆவும்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

இளஞ்செழியன் பேனாவை மூடி வைத்தார். இந்த ஸ்டேஷனுக்கு இப்படி ஒரு வேலையாக யாரும் வந்ததில்லைபோல. "உட்காருங்க. எந்தப் பக்கம்?"

"ஆசிரமத்தத் தாண்டி."

"போன் வந்ததும் ஒரு நிமிஷத்துல வண்டி கேட்ட வுட்டு வெளிய வந்துடும். அதுக்கப்புறம் ரோடு."

"ரோட்ட வுட்டுட்டுச் சொல்லுங்க."

"ரோட்ட வுட்டுட்டா வண்டி பறந்தா வரும்?" என்றார் இளஞ்செழியன். "பௌர்ணமின்னா அந்த ரோடு முழுக்க ஜனம். அன்னிக்கு ஸ்டேஷன்லேந்து வந்தா லேட்டாவும்னுதான் வண்டிய முன்னாடியே கொண்டுவந்து அங்கங்க நிறுத்திடுறோம். சாதாரண நாள்ல வந்துடலாம்."

"வந்துடலாம்னா எப்பிடி? ஒரு கிளாஸ் டீ ஊத்தி வெச்சா அது ஆறறதுக்குள்ள வருவீங்களா?"

"யார் போட்ட டீ?"

"எங்க சந்துமுனைக் கடை."

"குடிச்சதில்ல. ஆனா வந்துடுவோம்."

சக்கரவர்த்தி அவர் முகத்தையே பார்த்தார். சர்க்கார் ஆள் இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது. "எங்கூட்டுக்காரி மூணாவது மாடியில படுத்துக்கினு கீறா. நடக்க முடியாது. அதான் கேக்கறேன். வாய்ப்பேச்ச நம்பி அவள அங்க வெச்சிருக்க முடியாது."

இளஞ்செழியனின் முகம் மாறியது. நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "நான் ஒண்ணு கேக்கறேன். நாங்க எவ்ளோ சீக்கிரம் வந்தாலும் அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நீங்கதான் பார்த்துக்கணும். அந்த நேரத்துல உங்க லாட்ஜ் ஜனங்க எந்தப் பக்கம் ஓடுவாங்க?"

"வெளியதான். வேற எங்க ஓடுவான்?"

"பார்த்திருக்கீங்களா?"

"இதப் போய்ப் பார்க்கணுமா?"

"வண்டிச் சக்கரத்தத் தட்டிப் பார்த்தீங்களே, ஜன்னல் வழியா நானும் பார்த்தேன். அத நம்பல. இத மட்டும் எப்பிடி நம்புறீங்க?"

சக்கரவர்த்தி எழுந்து வெளியே வந்துவிட்டார். அந்தக் கோபத்தில் ஷேர் ஆட்டோவில் வரும்போது பக்கத்தில் இருந்தவரிடம், இப்போதெல்லாம் சர்க்கார் ஆட்களுக்கு வாய் ஜாஸ்தியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து, மணி அடித்துப் பார்க்க ஒரு தீ விபத்து ஒத்திகைக்கு ஏற்பாடானது. மணிமொழிக்கு முதலில் மனமில்லை. தீப சமயம், எல்லா அறையும் நிறைந்திருக்கிறது, வந்தவர்கள் பயந்து ஓடிப்போனால் என்ன செய்வது என்றாள். "ஓடிப்போனா நல்லதுதானே, அதுக்குத்தானே மணி?" என்றார் சக்கரவர்த்தி. கடைசியில் அம்மாவுக்காகச் சம்மதித்தாள். வேணுவுக்குச் சொல்லக் கூடாது, தங்கியிருப்பவர்களுக்கும் சொல்லக் கூடாது என்று இளஞ்செழியன் போனில் சொல்லியிருந்தார். சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே. எல்லாரும் தீபம் பார்க்க அறைக்குத் திரும்புகிற நேரம்.

முதல் வேலையாகச் சக்கரவர்த்தி முனைக்கடையில் ஒரு டீ வாங்கி, வரவேற்பு மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"எனக்கா பெரியவரே?" என்றான் வேணு.

"கை வெச்சே, ஒடிச்சுப்புடுவேன்."

லிஃப்டைத் தொடாமல் படியேறி இரண்டாவது மாடிக்குப் போனார். தாழ்வாரத்துக் கூரையில் தொப்பி போடாத வடை ஒன்று இருந்தது. அதன் நேர்கீழே ஸ்டூல் போட்டு, இரும்புத் தட்டில் தேங்காய் நாரைக் கொளுத்தி, மேலே சாம்பிராணியைத் தூவினார். புகை எழுந்து வடையைச் சுற்றியது. ஒன்றும் நடக்கவில்லை. பார்த்தாயா, ஏமாற்று வேலை என்று வாயைத் திறக்கப்போனார். அதற்குள் காதைப் பிளக்கிற மாதிரி அலறல் கிளம்பியது. கீழே மணிமொழி போனை எடுத்து நூற்றியொன்றை அழுத்தினாள்.

கதவுகள் படபடவென்று திறந்தன. சக்கரவர்த்திக்கு ஒரு கணம் ஆச்சரியமாகிவிட்டது. பரவாயில்லையே, மணி அடித்தால் எழுந்து வருகிறார்களே! கையில் போனோடு ஒருவன், ஈரத்தலையோடு ஒரு பெண், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்ட தகப்பன். எல்லாரும் படிக்கட்டை நோக்கி ஓடினார்கள். ஓடி, இடது பக்கம் திரும்பி, மேலே ஏற ஆரம்பித்தார்கள்.

"யோவ்! அந்தப் பக்கம் இல்லய்யா, கீழ, கீழ!"

யாரும் காதில் வாங்கவில்லை. வந்தவாசியிலிருந்து வருஷா வருஷம் தீபத்துக்கு வருகிற ஜோதியம்மாள், ஒரு கையில் கற்பூரத்தட்டும் இன்னொரு கையில் புடவைக் கொசுவமுமாக அவரைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏம்மா, எங்க போற?"

"மணி அடிச்சாச்சுல்ல அண்ணே! இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரமாவே ஏத்திட்டாங்க போல. வாங்க, வாங்க!"

கீழேயிருந்து வேணு மூச்சிரைக்க ஏறி வந்தான். முகத்தில் பேயடித்த மாதிரி இருந்தது. "பெரியவரே, நான் பட்டனே அமுக்கலியே! எப்பிடி அடிக்குது?"

"இன்னா பட்டன்?"

"தீப பட்டன்."

வேணு இரைத்துக்கொண்டே சொன்ன பிறகுதான் சக்கரவர்த்திக்கு விஷயம் விளங்கியது. முன்பெல்லாம் மலையில் தீபம் ஏற்றியதும் லாட்ஜில் சேகண்டி அடித்து எல்லாரையும் மொட்டை மாடிக்கு அழைப்பது வழக்கம். அலாரம் வந்த பிறகு, மாடிமாடியாகச் சேகண்டி தட்டிக்கொண்டு போவானேன் என்று அந்தச் சிவப்புப் பெட்டியின் சோதனைப் பட்டனையே தீபத்துக்கு அமுக்க ஆரம்பித்துவிட்டான் வேணு. போன வருஷம் முழுப் பதினோரு நாள், இந்த வருஷமும் தீபத்தன்றிலிருந்து தினம் சாயங்காலம். அந்த மணி அடித்தால் மேலே ஓட வேண்டும் என்று வந்தவர்கள் அத்தனை பேருக்கும் லாட்ஜே சொல்லிக்கொடுத்து வைத்திருந்தது.

"அடப்பாவி" என்றார் சக்கரவர்த்தி. திட்ட நேரமில்லை. "வா, காசிய எறக்கலாம்."

மூன்றாவது மாடி அறையில் காசியம்மாள் ஜன்னலைத் திறந்துவைத்துக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "தீபத்தக் காணோமே" என்றாள். அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் வேணு, பின்னால் சக்கரவர்த்தி என்று தூக்கினார்கள்.

"மாடிக்கா கூட்டினு போறீங்க?" என்றாள் சந்தோஷமாக.

"கீழமே."

"தீபம் மேலதானே தெரியும்?"

படிக்கட்டுக்கு வந்தார்கள். அவ்வளவுதான், அங்கேயே நின்றுவிட்டார்கள். கீழேயிருந்து ஜனம் ஏறி வந்துகொண்டே இருந்தது. முதல் மாடிக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் தரைத்தளத்துக்காரர்கள். "கொஞ்சம் வழி வுடுங்க, எறங்கணும்" என்று வேணு கெஞ்சினான். "அம்மாவ மேல தூக்கணுமா, நாங்க புடிக்கறோம்!" என்று நாலு பேர் உதவிக்கு ஓடி வந்து நாற்காலியைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தார்கள். சக்கரவர்த்தி கீழ்நோக்கி இழுத்தார். நாற்காலியின் ஒரு கால் வளைந்து டப்பென்று சத்தம் கேட்டது. காசியம்மாள் "ஐயோ" என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சத்தத்தில் சக்கரவர்த்தி இழுப்பதை நிறுத்தினார். விளையாட்டுப் போல இருந்தது இப்போது விளையாட்டாக இல்லை. இது நிஜப் புகையாக இருந்தால், இதே இடத்தில், இந்த நல்ல மனிதர்களின் கையாலேயே அவள் போயிருப்பாள். நாற்காலியை அப்படியே தரையில் இறக்கி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். ஜனம் அவர்களைத் தாண்டித் தாண்டி ஏறிப்போனது.

சந்தில் சைரன் கேட்டது. இளஞ்செழியனும் நாலு வீரர்களும் உள்ளே ஓடி வந்தார்கள். வெளியே ஒருத்தரும் இல்லை, வரவேற்பறையில் ஒருத்தரும் இல்லை. ஒவ்வொரு மாடியாக ஏறிக் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தவர்கள், படிக்கட்டில் இருந்த மூவரையும் பார்த்து நின்றார்கள்.

"எங்க பெரியவரே ஒருத்தரையும் காணோம்?"

சக்கரவர்த்தி விரலை மேலே காட்டினார். மொட்டை மாடியில் அத்தனை பேரும் கைப்பிடிச் சுவரோரம் நின்று, மலையைப் பார்த்துப் போன் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே சந்தில் நின்ற தீயணைப்பு வண்டியையும் இரண்டு பேர் படம் எடுத்தார்கள். தீபத்துக்குப் பந்தோபஸ்து ரொம்பப் பிரமாதம் என்று ஜோதியம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

வரவேற்பு மேஜைக்கு இறங்கி வந்ததும் இளஞ்செழியன் டீ கிளாஸைத் தொட்டுப் பார்த்தார். "சூடு இருக்குது. நான் ஜெயிச்சேன்."

சக்கரவர்த்தியும் தொட்டுப் பார்த்தார். இருக்கத்தான் செய்தது. "கிளாஸு கனம். அதான் சூடு நிக்குது" என்றார்.

"நீங்க இங்க வந்து நின்னா இன்னா பிரயோசனம்? ஆள் மூணாவது மாடியில" என்று சக்கரவர்த்தியே தொடர்ந்தார். மணிமொழி மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். பட்டன் விஷயம் அவளுக்கும் தெரிந்ததுதான். அவள்தான் சரி, அமுக்கிக்கோ என்று சொன்னவள். அதில் தப்பு ஏதும் அன்றைக்குத் தோன்றவில்லை.

"சேகண்டிய மறுபடி எடுங்க" என்றார் இளஞ்செழியன். "தொப்பி எல்லாத்தையும் கழட்டுங்க. கற்பூரம் ஏத்தக் கீழ வெளியில ஒரு எடம் குடுங்க. அம்மாவத் தரைத்தளத்துக்கு மாத்துங்க."

காசியம்மாள் லிஃப்ட்டில் இறங்கி வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தாள். "நான் செவுத்தப் பார்க்க மாட்டேன்" என்றாள்.

"நாற்காலி ஒடைஞ்சத நீ பார்க்கலியா?" என்றார் சக்கரவர்த்தி. குரல் அவருக்கே கேட்காத மாதிரி இறங்கிவிட்டிருந்தது.

காசியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாசல் வழியாக எதிரே பார்த்தாள். சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மனை. பகலில் இளநீர்க்காரன் வண்டி நிற்கும். அதன் தலைக்கு மேலே, கட்டடம் எதுவும் மறைக்காமல் மலை முழுசாக நின்றது.

"இங்கேந்தே தெரியுதே" என்றாள். "மேலேந்து பார்த்தா ஜன்னல் சட்டம் பாதி மறைக்குது. அப்ப எல்லாரையும் இங்க வரச் சொன்னா இன்னா? மணி அடிச்சா மாடிக்கு ஓடுறாங்க, தீபத்துக்காகத்தானே? தீபத்த இங்க காட்டுங்களேன். என்னயும் இங்க ஒக்கார வெச்சிடுங்க."

இளஞ்செழியன் மணிமொழியைப் பார்த்தார். மணிமொழி காலி மனையைப் பார்த்தாள்.

மறுநாள் மொட்டை மாடிக் கதவைப் பூட்டலாமா என்று வேணு கேட்டான். பூட்டினால் அங்கே ஒருத்தன் மாட்டிக்கொள்வான், பூட்டாதே என்று போனில் சொன்னார் இளஞ்செழியன். அன்று மத்தியானமே வேணு அறை அறையாகப் போய், இனிமேல் தீப தரிசனம் எதிர் மனையில், மணி அடித்தால் கீழே இறங்கி வரணும் என்று சொன்னான். கழட்டிய தொப்பிகளை ஒரு பையில் கட்டி மணிமொழியிடம் கொடுத்தான். காலி மனையில் தண்ணீர் தெளித்து, நடுவில் கற்பூரம் ஏற்ற மண் தாம்பாளம் ஒன்று வைத்தார்கள். காசியம்மாளின் கட்டில் தரைத்தளத்து அறைக்குப் போனது. ஜன்னலில் சுவர்தான். அவள் அதற்குத் திரைச்சீலை கேட்டு வாங்கி மூடிவிட்டாள். சாயங்காலம் அவளை நாற்காலியோடு எதிர் மனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலில் இரண்டே படி, வேணு ஒருவனே தூக்கிவிட்டான்.

இளஞ்செழியன் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். சேகண்டி எடுக்கவில்லை, அதே அலாரம்தான் அடித்தது. ஜனம் இறங்கி வந்தது. பழக்கதோஷத்தில் மூன்று பேர் மேலே ஓடி, அங்கே யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு அசடு வழிய இறங்கி வந்தார்கள். ஜோதியம்மாள் பாதி படியில் தட்டை மறந்துவிட்டேன் என்று திரும்பி, வேணுவிடம் திட்டு வாங்கி, வெறுங்கையோடு வந்து நின்றாள். மலை உச்சியில் சின்னதாகப் பொட்டு வைத்தமாதிரி தீபம் எரிந்தது. அரோகரா என்று எல்லாரும் கத்தினார்கள். காசியம்மாள்தான் அதிகமாகக் கத்தினாள்.

"எவ்ளோ சீக்கிரம் காலியாச்சு பார்த்தீங்களா?" என்றார் இளஞ்செழியன். "இப்பவாவது நம்புறீங்களா பெரியவரே?"

சக்கரவர்த்தி காலியான லாட்ஜைப் பார்த்தார். எல்லா அறையிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஃபேனைக்கூட நிறுத்தாமல் வந்திருக்கிறார்கள்.

"இன்னிக்கு மலையில தீபம் எரியுது, கீழ வந்தான். இன்னும் ரெண்டு நாள்ல மலையில வெளக்கு அணைஞ்சுடும். அப்புறம் மார்கழிக் குளுருல வெறும் மணி அடிச்சா எவன் போர்வைய வுட்டு எழுந்து வருவான்?"

"மார்கழியில ஒரு நாள் வந்து அடிச்சுப் பார்ப்போம்."

"அடிச்சுப் பாரு. அன்னிக்குச் சொல்றன் நம்பறனா இல்லையான்னு."

"உட்காருங்க, இன்னும் கொஞ்சம் பார்த்துட்டுப் போலாம்" என்றாள் காசியம்மாள்.

"நீ பாரு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சந்திலிருந்து வெளியே நடந்தார். செங்கம் சாலையில் கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. முனைக்கடையில் டீ சொல்லிவிட்டு, பக்கத்து லாட்ஜின் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். கூரையில் வெள்ளையாக ஒரு வடை. அதற்கும் பிளாஸ்டிக் தொப்பி போட்டிருந்தது.

"அவனுங்களும் அப்பிடித்தான்" என்று டீக்காரரிடம் சொன்னார். டீக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சக்கரவர்த்தி டீயைக்கூட வாங்காமல், அடுத்த லாட்ஜின் கூரையைப் பார்க்க நடந்துவிட்டார்.